வேகமாக ஓடிய பாட்டுகள்

அண்ணா,

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். எதிரில் அம்மன் கோயிலில் ஆடிக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நம் வீட்டு இசைத்தட்டுகளில் இருக்கும் பாட்டு ஒன்று அதில் ஓடியது. வாய்க்குள்ளேயே நானும் கூடப் பாடினேன். பல்லவியை நான் முடித்துவிட்டேன், பாடுகிறவர் முடிக்கவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. நான் வரியின் கடைசியில் போய் நின்றுகொண்டு அவர் வந்து சேரக் காத்திருந்தேன். குரலும் வேறாக இருந்தது. நம் வீட்டில் மெல்லிசாக, இருபது வயதுப் பையனைப் போலப் பாடுகிறவர், அங்கே நெஞ்சிலிருந்து, பெரிய ஆளாகப் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற அக்கா, "இன்னாமே, வரிசை நவுந்து எத்தினி நேரமாச்சு, வாய அசைச்சிகினு நிக்கிற?" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நைனா உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அவருக்குப் பேனா பிடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நல்லபடியா இரு. அந்தப் பொண்ண நல்லா பாத்துக்க. கோவத்த கொற. எங்களப் பத்தி கவலப்படாத." நாலே வரி. "அவ்ளோதானா நைனா?" என்று கேட்டேன். "அப்பால இன்னாமே, கல்யாண மாப்ளைகிட்ட போய் பேஜாரு பண்ணிகினு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நாலு வரியும் தனித்தாளில் இதனுடன் இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். பெற்றவர்கள் எழுத வேண்டியதைப் பதினேழு வயதுத் தங்கை எழுதுவது உனக்குத் திமிராகத் தெரியும். தெரியட்டும். உன் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. தாளில் வரும்.

நைனா விழுந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீ வேலைக்குச் சேர்ந்து சோழிங்கநல்லூர் பக்கம் ரூம் எடுத்திருந்தாய். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். "ஒரு வருஷம் மட்டும் நின்னுக்கோ, அப்புறம் ப்ரைவேட்டா எழுதிக்கலாம்" என்று நீதான் சொன்னாய். மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போன வருடம் ஒருநாள் பழைய லேப்டாப்பையும் ஒயர் சொருகுகிற சின்னப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்து, "வீட்டுல சும்மாதானே இருக்க, நைனாவோட ரெக்கார்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டருல ஏத்து" என்றாய். சும்மா என்றாயே, அதை நான் மறக்கவில்லை. காலையில் நைனாவைத் தூக்கி உட்கார வைப்பதிலிருந்து சாயந்திரம் அம்மா வந்து செருப்பைக் கழற்றுவது வரைக்கும் நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளாவது கூட இருந்து பார்த்திருக்கிறாயா? நாளைக்கு அண்ணி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால் அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே. நான் தாளில் எழுதுகிறேன். அவர் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நைனா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த காலத்துத் தட்டுகள் மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் வட்டமாகத் துடைத்து, காய வைத்து, பிளேயரில் போட்டு, லேப்டாப்பில் கோடு சிவப்பைத் தொடாமல் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் தெரு முனையில் கன்டெய்னர் லாரி திரும்பினால் தரை ஆடும். தரை ஆடினால் ஊசி குதிக்கும். முதல் வாரம் ஒரு பக்கம்கூட முழுதாக எடுக்க முடியவில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தேன், துறைமுகத்து கேட் அடைத்து எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க லாரி வரிசை கட்டி நின்றுவிட்டால் தரை கல்லாகக் கிடக்கும். ஊர் முழுக்க ஜாமைத் திட்டும்போது நான் ஓடிப்போய்ப் பிளேயரைத் திறப்பேன். அம்மா பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போனில் கத்துவார். "இன்னிக்கும் ஜாமும்மா, ரெண்டு மணி நேரம் ஆவும்." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒரு தட்டாவது முழுதாக முடியும். ஒரு வருடம் இப்படித்தான் எடுத்தேன்.

அதுவரை எடுத்ததை நீ பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் உன் நிச்சயதார்த்தத்தில் ஓடவிட்டாய். அண்ணியின் அப்பா, பாத்திரக் கடைக்காரர், காது கொடுத்துக் கேட்டு, "மாப்ளே, இதெல்லாம் எங்க பிடிச்சிய?" என்று தெற்கத்திப் பேச்சில் கேட்டார். நீ, "எல்லாம் என் கலெக்‌ஷன் மாமா, வீட்டுலயே உட்கார்ந்து நானே மாத்தினது" என்றாய். நான் உனக்கு மூன்றடி தள்ளி, மிக்சர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒரு கை மிக்சர் எடுத்துக்கொண்டாய். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். நான் அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினேன்.

ரேஷன் கடையிலிருந்து வந்த அன்று, பிளேயரின் வட்டத்தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனில் நேரம் வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று வர வேண்டும். நூற்றாறு வந்தது. மறுநாள் எண்ணினேன், நூற்று மூன்று. அதற்கு மறுநாள் மறுபடி நூற்றாறு. நைனாவிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "அந்த ரப்பர் சக்கரத்த நவுத்தி மோட்டாரு கம்பியப் பாரு" என்றார். அந்தச் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பித்தளைக் கம்பியின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. காய்ந்து, பாதி உதிர்ந்து, மரப்பட்டை மாதிரி.

"அது நான்தான் சுத்துனேன்" என்றார் நைனா. "அப்போல்லாம் தெரு பங்சன்னா போஸ்ட்டுலேர்ந்துதான் கரண்டு. ஓல்டேஜே இருக்காது. சாயந்தரம் எல்லா வூட்லயும் லைட்டு போட்டா பாட்டு அழுதுகினே வரும். குடிச்சிட்டு வந்தவன், இன்னாயா சாவு வூடா இதுன்னு கல்லெடுப்பான். அத்தொட்டு டேப்ப சுத்தி வுட்டேன். கம்பி தடிச்சிச்சின்னா தட்டு வேகமா ஓடும். எங்க செட்டு மட்டும் இழுக்காதுன்னு நம்மளத்தான் கூப்புடுவாங்க."

"அப்ப வூட்ல ஏன் பிரிக்கல?"

"மறந்தே பூட்டேன்மே. நாப்பது வருசமா இப்டியே கேட்டுகினு கீறேன். காது பழகிச்சி."

கடை மூடி, மெஷின் வீட்டுக்கு வந்து, கரண்ட் சீராகி, நீ பிறந்து, நான் பிறந்து, நாம் எல்லோருமே வேகமாக ஓடும் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் ஒரு வருடம் அசையாமல் உட்கார்ந்து எடுத்த நாற்பத்திரண்டும் தப்பு. லேப்டாப்பிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று நீ சொல்வாய். அதையும் பார்த்தேன். காய்ந்த டேப் ஒருநாள் ஒட்டியிருக்கும், ஒருநாள் தூக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு வேகத்தில் ஏறியிருக்கிறது. எதை எவ்வளவு குறைப்பது என்று தட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். டேப்பை நகத்தால் பிரித்து, கம்பியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். நூறு வந்தது.

முதலில் அந்தச் சின்னத் தட்டைத்தான் போட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த ஆட்கள் சேர்ந்து வைத்திருந்த பாட்டுக் குழு, தங்கள் கைக்காசில் கொஞ்சமாகப் போட்ட தட்டு. கல்யாண வாழ்த்து ஒரு பக்கம், நலங்கு ஒரு பக்கம். நைனாவின் தோஸ்து ஒருவர் பாடியது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நைனா முதலில் போடுவது அதுதான். வேறெங்கும் அது கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். ஊசியை வைத்ததும் நைனா எழுந்து உட்காரப் பார்த்தார். ஒரு கையை ஊன்றி, முடியாமல், என்னைக் கூப்பிடவும் இல்லாமல் பாதி எழுந்தபடியே கேட்டார். பாட்டு முடிந்த பிறகு, "இது அவன் கொரலு" என்றார். "செத்துப் போயி இருவது வருசம் ஆச்சி. அவன் கொரலே இப்டித்தான் இருக்கும், தொண்டையில மண்ணு போட்ட மாரி. நான்தான் அவன பொட்டச்சி மாரி பாட வெச்சி ஊரெல்லாம் போட்டுக் காட்டிகினு இருந்துகீறேன். அவனும் ஒண்ணியும் சொல்லல பாரு." மறுபடி போடச் சொன்னார். ஐந்து தடவை போட்டேன்.

எல்லாத் தட்டையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இதுதான் என் தப்பு. நீ போன் செய்தாய். எப்போதும் போல எடுத்த எடுப்பிலேயே, "ரெக்கார்டு ஏத்துறது முடிஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றாய். முடிந்தது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து நாள் யோசித்தேன். நீ கேட்கிற விதத்தில் அந்த ஒரு பதிலுக்குத்தான் இடம் இருக்கிறது, அண்ணா. இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். அதற்காகப் பொய் சொன்னது சரியாகிவிடாது. ஆனால் நீ இனி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறாய். அவரிடமும் இப்படிக் கேட்டால் அவரும் முடிந்தது என்றுதான் சொல்வார். எது முடியவில்லை என்பது உனக்குத் தெரியாமலே உன் வாழ்க்கை ஓடும்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் போன ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்தாய். ரிசப்ஷனுக்கு 'ரெட்ரோ தீம்' என்றாய். தட்டுகளுக்குத் தங்கக் கலர் அடித்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, மேடைக்குப் பின்னால் சரம் சரமாகத் தொங்கவிடப் போவதாகப் போனில் படம் காட்டினாய். அம்மா, "பாக்க நல்லாத்தான் கீது" என்றார். நைனா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எட்த்துக்கோ கண்ணு" என்றார். அவருக்கு உன்னிடம் இல்லை என்று சொல்ல வராது. நான் உன் பின்னாலேயே வாசல் வரை வந்து, "மறுபடி எடுக்கணும்ணா, எல்லாம் வேகமா ஓடிருக்கு" என்றேன். நீ பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டே, "நீதானே முடிஞ்சுதுன்ன?" என்றாய். எதிர்வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். "இத்தினி வருஷம் உனக்கே தெரியல. வேற எவனுக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்துவிட்டுப் போனாய். ஆபீசில் பேசுகிற தமிழை எல்லாம் அங்கேயே வைத்துவிட்டு, என்னை மட்டம் தட்டும்போது மட்டும் உனக்கு நம் தெருப் பேச்சு வந்துவிடுகிறது. உள்ளே வந்தால், "இன்னாடி, கல்யாண வூட்ல மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?" என்று அம்மா என்னைத் திட்டினார். உன்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே நைனா வெறும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் போய் நின்றதும், "அந்தச் சின்ன தட்டும் பூட்ச்சா?" என்று கேட்டார். தாலி கட்டும்போது அதைப் போடலாம் என்று நினைத்திருந்தாராம். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். தன் சொந்த மகனிடம் ஒரு பாட்டைக் கேட்க ஒரு மனிதருக்கு வெட்கமாக இருந்தது என்றால், அதற்கு அந்த மகன் எவ்வளவு தூரம் பாடுபட்டிருக்க வேண்டும்!

அதனால் இன்று காலையில் நைனாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். டெகரேஷன்காரரின் குடோனைக் கண்டுபிடிக்கவே மூன்று பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. மூன்று பேர்! தெரியாத ஆளிடம் மணி கேட்கக்கூடத் தயங்குகிறவள் நான். உள்ளே ஏழு தட்டுகளுக்குத் தங்கக் கலர் அடித்து வெயிலில் காய வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் 'டேபிள் 3' என்று எழுதியிருந்தது. சின்னத் தட்டைக் காணவில்லை. தேடினேன். பெயிண்ட் அடிக்கிற ஆள் தன் டீ கிளாஸை அதன் மேல் வைத்திருந்தார்.

"இன்னா பாப்பா, யாரு வோணும்?" என்றார் டெகரேஷன்காரர்.

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு, மிஷின் ஓடிகினு கீது."

"இந்தத் தட்டெல்லாம் எங்க நைனாது. வோணும்."

"மாப்ளதானே குட்த்தாரு? அவருகிட்ட பேசிக்கோ. நான் ஆர்டர் எட்த்தவன்."

உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். விஷயத்தைச் சொன்னதும், "டபாய்க்கிறியா? வூட்டுக்குப் போ. எல்லாம் பென் டிரைவுல கீது. அது வெறும் பிளாஸ்டிக்கு" என்றாய். நீ பேசி முடிப்பதற்குள் போனை வைத்தேன். இதுவரை ஒருநாளும் நான் அப்படி வைத்ததில்லை. டீ கிளாஸைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, சின்னத் தட்டை எடுத்து என் துப்பட்டாவால் துடைத்தேன். நடுவில் இருக்கும் காகிதத்தில் நம் கடை ரப்பர் ஸ்டாம்ப், நைனா பெயரோடு, ஊதா மையில். வாடகைக்குப் போன இடத்தில் வேறு செட்டோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாத் தட்டிலும் அவர் குத்தியது. அதை டெகரேஷன்காரர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதுல எங்க நைனா பேரு கீது. மாப்ள பேரு எங்க கீதுன்னு காட்டுங்க, வுட்டுட்டுப் போறேன்."

மிஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. என் குரல் குடோன் முழுக்கக் கேட்டது. பெயிண்ட் அடிக்கிறவர், "அண்ணே, பாப்பா கரெக்டாத்தான் கேக்குது" என்று சிரித்தார். "நீ கம்முனு கெட" என்று அவரை அதட்டிவிட்டு டெகரேஷன்காரர் என்னிடம் திரும்பினார். "அப்ப ஸ்டேஜுல நான் இன்னாத்த மாட்டுறது? உன் ஜிமிக்கியவா?"

"தெர்மாகோல வட்டமா வெட்டிக் கலர் அடிங்க. தூரத்துலேர்ந்து பாத்தா எவனுக்குத் தெரியப்போவுது?"

அவர் மேலே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். "வெயிட்டும் கம்மிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எட்த்துகினு போ. மாப்ள கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ." இந்தக் கடிதம்தான் அந்தப் பதில்.

கலர் அடித்த ஏழையும் எடுத்துக்கொண்டேன். அவை இனிமேல் பாடப் போவதில்லை. அந்த ஏழில் எதெது இருக்கிறது என்று உனக்கு எழுதப் போவதில்லை. தெரிய வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து நைனா பக்கத்தில் உட்கார்ந்து பார். முடிந்தது என்று நான் பொய் சொன்னதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன். அந்த ஏழில் பாதிக் குற்றம் என்னுடையது. மீதிப் பாதியை உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ அவரிடம் போய்ச் சொல். தாலி கட்டும்போது அந்தச் சின்னத் தட்டு ஓட வேண்டும் என்று நீயே கேள். அவராக வாய் திறந்து கேட்க மாட்டார்.

பெட்டி கனமாக இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். இரண்டு இடத்தில் இறக்கி வைத்துக் கை மாற்றினேன். திருவொற்றியூர் பஸ் கூட்டமில்லாமல் வந்தது. ஏறினேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு ஃப்ரீமா. பொட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார். பெட்டிக்கு டிக்கெட் வாங்கினேன். அதை ஜன்னலோரச் சீட்டில், உள்ளே தட்டுகள் சாயாமல் நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.